‘சாந்தோ’வுக்குத் தமிழ்: எல்லா இடத்திலும் மஞ்சள் பூச வேண்டுமா?

கோட்டாற்றிலிருந்து:

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தக்கலை டாக்டர் கேட்டது சின்னக் கேள்வி. கண்ணிமையின் உள்மூலையில் மஞ்சளாகத் தடித்து நிற்கும் கொழுப்புக்கு, நோயாளிகள் கையில் கொடுக்கும் துண்டுத்தாளில் என்ன பெயர் போடுவது? சாந்தெலாஸ்மா என்று போட்டால் வாயிலும் நுழையாது, மனதிலும் நிற்காது என்றார். அதற்கு வந்த பதில்களோ எங்கெங்கோ போய்விட்டன. கிரேக்கத்தில் ‘சாந்தோஸ்’ என்றால் மஞ்சள். ஆகவே ‘சாந்தோ’ என்று தொடங்கும் அத்தனை கலைச்சொல்லுக்கும் ஒரே தமிழ் முன்னொட்டைப் பூட்டிவிடலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். வடமொழியில் மஞ்சளைக் குறிக்கும் ‘பீத’ என்றார் அடுத்தவர். ‘பொன்’ என்றார் இன்னொருவர். இலக்கியத்தில் ஊறிய நம் பூதப்பாண்டி நண்பர் ‘பசலை’யைக் கொண்டுவந்தார்.

இந்த மூன்றையும் முதலில் கழித்துவிடுவோம். பீதநிறமி என்று படிக்கிற பிள்ளைக்குப் பீதிதான் வரும். பொன் என்றால் அதற்கென்று ‘கிரைசோஸ்’ என்ற வேறொரு கிரேக்கச் சொல் இருக்கிறது. பொன்னிறப் பாசிகளுக்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது. இங்கே பொன்னைச் செலவழித்துவிட்டால் அங்கே கையை விரிக்க வேண்டும். பசலை அழகான சொல், மறுக்கவில்லை. திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுவதும் பசப்பைப் பற்றியதுதான். ஆனால் அது பிரிவால் மேனியில் படரும் நிறம். கொலஸ்டிரால் கூடி இமை தடித்தவரைப் பார்த்துப் பசலை என்றால், யாரைப் பிரிந்தார் என்று வீட்டில் கேள்வி வரும். போதாக்குறைக்கு வடசேரிச் சந்தையில் பசலை என்றால் கீரை.

மிஞ்சுவது மஞ்சள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்ட முடியாது என்பதுதான் என் கட்சி.

குளச்சலில் கரைக்கு வரும் சிங்கி இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையும் நீலமும் கலந்த ஓடு, கொதிநீரில் போட்டதும் சிவந்துபோகிறது. அந்தச் சிவப்பைத் தரும் நிறமியின் பெயர் அஸ்டாசாந்தின். உயிரோடு இருக்கும்போது அது ஒரு புரதத்தோடு பிணைந்து நிறம் மாறிக் கிடக்கிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் தன் நிறத்தைக் காட்டிவிடுகிறது. பெயரில் மஞ்சள், சட்டியில் சிவப்பு. இதை ‘இறால்மஞ்சள்’ என்று மொழிபெயர்த்துப் பாடப்புத்தகத்தில் போட்டால் குளச்சல் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

சாந்தின் என்ற சேர்மம் இன்னும் மோசம். அது வெள்ளைத் தூள். 1817இல் மார்செட் என்ற மருத்துவர் அதைச் சிறுநீர்க் கல் ஒன்றில் கண்டறிந்தார். நைட்ரிக் அமிலம் விட்டு வற்றவைத்தபோது மஞ்சள் கறை தங்கியது. அந்தக் கறையிலிருந்து பெயர் வந்தது. நாம் குடிக்கும் கட்டன் சாயாவில் இருக்கும் காஃபீன் இந்தச் சாந்தினின் வழித்தோன்றல்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கிண்ணத்தில் பார்த்த கறைக்காக இன்று தமிழில் மஞ்சள் பூசுவது வீண் வேலை. சாந்தின் என்றே இருக்கட்டும். சாந்து என்ற சொல் வேற்றுமை உருபு ஏற்றது போல ஒலிக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டார். ஒலிக்கட்டும். ஐஸ்கிரீம் பெட்டியில் 415 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ‘சாந்தன் கோந்து’கூட யாரோ சாந்தன் அண்ணாச்சி காய்ச்சிய பசை மாதிரிதான் கேட்கிறது, அதற்காக யாரும் சாப்பிடாமல் விடவில்லை.

அந்தக் கோந்தைத் தரும் சாந்தோமோனாஸ் பாக்டீரியா, ஆய்வகத் தட்டில் மஞ்சள் மஞ்சளாக வளரும். அதன் உறவுக்கார இனம் ஒன்றுதான் நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலைக் கொண்டுவருகிறது. கன்னிப்பூப் பருவமானாலும் கும்பப்பூப் பருவமானாலும் தோவாளைப் பக்கத்து வயல் ஏலாக்களில் விவசாயி பார்ப்பது இலையின் ஓரம் நுனியிலிருந்து வெளிறிக் காய்ந்து இறங்குவதைத்தான். நோய்க்குத் தமிழ்ப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. உயிரினத்தின் பேரினப் பெயரில் நாம் கைவைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எங்கேதான் மஞ்சள்? கண்ணால் பார்த்து முடிவு சொல்லும் இடங்களில். வேதியியல் ஆசிரியனாக நான் வருடந்தோறும் செய்துகாட்டிய சோதனை ஒன்று உண்டு. முட்டை வெள்ளைக்கருவில் அடர் நைட்ரிக் அமிலம் விட்டால் முதலில் வெண்மையாகத் திரையும். சூடுபடுத்தினால் மஞ்சளாகும். ஆறவைத்து அமோனியா சேர்த்தால் ஆரஞ்சாகும். டைரோசின், டிரிப்டோஃபேன் ஆகிய அமினோ அமிலங்களின் வளையத்தில் நைட்ரோ தொகுதி ஏறுவதால் வரும் நிறம் அது. அமிலம் விரலில் பட்டால் அதே மஞ்சள்தான். சோப்புக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். சாந்தோபுரோட்டீன் வினை என்ற அதற்கு ‘மஞ்சட்புரத வினை’ என்பது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் மஞ்சள்தான் அந்தச் சோதனையின் விடை.

சாந்தாப்சியாவும் அப்படியே. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும் கோளாறு. இதய நோய்க்குக் கொடுக்கும் டிஜாக்சின் உடலில் அளவுக்கு மீறினால் வரக்கூடியது. அந்த மருந்தின் மூலமான டிஜிட்டாலிஸ் செடியை ஆராய்ந்த வில்லியம் விதரிங் 1785இலேயே பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரிவதைக் குறித்துவைத்திருக்கிறார். நம் ஊரில் காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்கிறோம். பழமொழி சொல்லச் சுகமாக இருக்கிறதே தவிர, காமாலையில் மஞ்சளாவது பெரும்பாலும் கண்ணின் வெள்ளைதான். நோயாளிக்கு உலகம் பழைய நிறத்திலேயே தெரிகிறது. பழமொழிக்கு உரிய நோய் இதுதான். ‘மஞ்சட்பார்வை’ என்று வைத்துக்கொள்வோம்.

டாக்டர் கேட்டதற்கு என் பரிந்துரை: ‘இமைமஞ்சள் படிவு’. கிரேக்கத்தில் எலாஸ்மா என்றால் அடித்துத் தட்டிய தகடு. தகட்டை விட்டுவிடலாம், படிவு போதும்.

அன்புடன்,
கோட்டாற்றுக்காரன்

குலசேகரத்திலிருந்து:

ஐயா, வணக்கம். இறால் உதாரணத்தை வகுப்பில் சொல்லப் போகிறேன், அனுமதி கேட்கவில்லை.

ஆனால் சாந்தோஃபிலைச் சொல்லாமல் நழுவிவிட்டீர்கள். எனக்கு வேண்டியது அதுதான். பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பச்சையம் என்றதும் புரிகிறது, அடுத்த வரியில் சாந்தோஃபில் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. 1837இல் வேதியியலாளர் பெர்சீலியஸ் அந்தப் பெயரை வைத்தது முதிர்ந்து பழுத்த இலையின் மஞ்சளுக்கு. பச்சை என்பதிலிருந்து பச்சையம் பிறந்தது போல, மஞ்சளிலிருந்து ‘மஞ்சளம்’ பிறக்கட்டுமே.

இன்றைய வேதியியலில் சாந்தோஃபில் என்பது நிறத்தைக் குறிப்பதல்ல, ஆக்சிஜன் உள்ள கரோட்டினாய்டு (கேரட்டுக்கு நிறம் தரும் நிறமி வகை) என்று பொருள் என்பீர்கள். உங்கள் சிவந்த இறாலும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பீர்கள். தெரியும். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் எல்லோரும் ஒரே நிறமாக இருக்க வேண்டுமா? குடும்பத்துக்கு மஞ்சளம், உறுப்பினர்களுக்கு லூட்டீன், ஜியாசாந்தின், அஸ்டாசாந்தின் என்று அவரவர் பெயர். தோவாளைச் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் கேந்திப்பூவைக் காட்டி, இந்த நிறம் லூட்டீன், இதுவும் ஒரு மஞ்சளம், இதையே பிரித்தெடுத்துக் கோழித்தீவனத்தில் சேர்த்து முட்டைக்கருவுக்கு நிறமேற்றுகிறார்கள் என்றால் ஒரு பிள்ளையும் மறக்காது. கண்ணின் விழித்திரை நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளிக்கும் நிறம் தருவது லூட்டீனும் ஜியாசாந்தினும்தான். அதோடு பாடமே முடிந்துவிடும்.

இமைமஞ்சள் படிவு எனக்குப் பிடித்திருக்கிறது. டாக்டர் சார் என்ன சொல்கிறார்?

தக்கலையிலிருந்து:

ஐயாவுக்கும் டீச்சருக்கும் நன்றி. மஞ்சளத்துக்கு என் ஓட்டும் உண்டு.

மஞ்சள் முக்கியமான இன்னொரு சொல்லையும் பட்டியலில் சேருங்கள்: சாந்தோகுரோமியா. தாங்க முடியாத திடீர்த் தலைவலியோடு வருகிறவருக்கு மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க, முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவடத் திரவம் எடுப்போம். அதில் ரத்தம் கலந்திருந்தால் குழப்பம். ஊசி கீறி வந்த ரத்தமா, முன்பே கசிந்ததா? குழாயைச் சுழலியில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும். ஊசிக் கீறல் என்றால் மேலே நிற்பது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். கசிந்து 12 மணி நேரம் போல ஆகியிருந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து பிலிருபின் ஆகி, மேல்நீர் மஞ்சளாக நிற்கும். வெள்ளைத் தாளுக்கு முன்னால், பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய இன்னொரு குழாயையும் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பது உண்டு. அதற்கு ‘மஞ்சளிப்பு’ என்ற ஒரே சொல் போதும். மஞ்சளித்தல் என்ற வினை தமிழில் இருக்கத்தானே செய்கிறது.

ஆனால் இமைக்கு மஞ்சள் வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். கண், மஞ்சள் என்ற இரண்டு சொற்களும் ஒரே தாளில் இருந்தால் இங்குள்ளவர்களுக்கு அது மஞ்சள்காமாலைதான். என் முன்னால் தலையாட்டிவிட்டு, வெளியே போய்க் கீழாநெல்லி பறித்து அரைப்பார்கள், பத்தியம் இருப்பார்கள், ரத்தத்தில் கொழுப்பைப் பார்க்க மாட்டார்கள். இமைத் திட்டு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தக் கொழுப்பு கூடியிருக்கும். அந்தப் பரிசோதனைக்கு அவர்களை அனுப்புவதற்குத்தான் துண்டுத்தாளே. ஆகவே ‘இமைக் கொழுப்புத் திட்டு’ என்று போடுகிறேன். கிரேக்கம் சொல்லாத கொழுப்பைத் தமிழ் சொல்லட்டும்.

தோலிலும் நாணிலும் கொழுப்பு சேர்ந்து வரும் கட்டியான சாந்தோமாவுக்குப் பெயர் இன்னும் தீரவில்லை. பரம்பரையாகக் கொலஸ்டிரால் கூடும் குடும்பங்களில் குதிநாணில் அது முடிச்சு முடிச்சாக வரும். அந்த நாணுக்கு ஆங்கில மருத்துவத்தில் அக்கிலீஸ் பெயர். அக்கிலீசின் தேரை இழுத்த குதிரைகளில் ஒன்றின் பெயர் சாந்தோஸ். ஐயா ரசிப்பார் என்று சொல்லிவைத்தேன். கொழுப்புக் கட்டி என்ற பெயரை லிப்போமா எடுத்துக்கொண்டுவிட்டது. கழலை என்றால் புற்றுநோய் என்று பயப்படுவார்கள். ‘கொலஸ்டிரால் முடிச்சு’ என்று எழுதலாமா? நாணில் வருவதற்குச் சரி, முழங்கையில் கொப்புளம் போல வருவதற்குச் சரிப்படுமா என்று தெரியவில்லை. பூதப்பாண்டி நண்பர் பசலையை விட்டுவிட்டு இதற்கொரு சொல் தேடினால் நல்லது.

துண்டுத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்புக்குக் கீழே ‘இது மஞ்சள்காமாலை அல்ல’ என்று ஒரு வரி பெரிய எழுத்தில் சேர்த்திருக்கிறேன். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் வியாழனுக்குள் சொல்லுங்கள்.