மறு: கூரை போடக் காசும் அந்த வீடியோவும்

அன்பின் சங்கத் தலைவர் அண்ணைக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

பொருளாளர் தம்பியின் மடல் பார்த்தேன். மாரிக்கு முதல் ஊரில் மூன்று வீட்டுக்குக் கூரை போட வேண்டும், சரி. காசு தர நான் பின்னிற்கவில்லை. அதோடு வந்த வீடியோதான் நித்திரையைக் கெடுத்துவிட்டது.

சங்கக்கடையடி மாமியை வாசலில் நிறுத்தி உலருணவுப் பொதியைக் கொடுத்து, "அம்மா, கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ" என்கிறார் பொதி கொடுக்கப் போன தம்பி. அதோடு விட்டாரா? குசினிக்குள் போய் மூடியைத் திறந்து வெறும் பானையைக் கமராவுக்குக் காட்டுகிறார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறா. பேத்தி ஓஎல் சோதனை எடுக்கிற பிள்ளை. வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நிற்கிறாளாம். ஊருக்குப் போய்வந்த தங்கச்சி சொன்னாள். 95இல் இடம்பெயர்ந்து வந்த சனத்துக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றின கை அது. ஆர் ஆர் குடித்தோம் என்று இந்தக் குழுவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

காசு கொடுக்கிறவனுக்கு ஆதாரம் வேண்டும் என்று கனடாக் கிளை எழுதியிருக்கிறது. தகரம் வாங்கின பற்றுச்சீட்டைக் கேளுங்கள், மேசன் கூலிக்குக் கையெழுத்துக் கேளுங்கள், போட்டு முடித்த கூரையைப் படம் எடுங்கள். மாமியின் முகம் எந்தக் கணக்குக்கு ஆதாரம்? தேர்த் திருப்பணிக் கணக்கு இன்னும் வரவில்லை. அதற்கு ஒருவரும் வீடியோ கேட்கவில்லையே!

1936இல் கலிபோர்னியாவில், பட்டாணி பிடுங்கும் கூலிகளின் முகாமில் டொரத்தியா லாங்கே என்ற படப்பிடிப்பாளர் ஒரு தாயைப் படம் எடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. பத்திரிகையில் படம் வந்ததும் அரசாங்கம் அந்த முகாமுக்கு 20,000 இறாத்தல் உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாய், புளோரன்ஸ் தொம்சன், பிள்ளைகளோடு வேறிடம் போய்விட்டார். என்னைப் படம் எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று 1978இல் அவரே சொன்னார். உலகத்துக்கே தெரிந்த முகம், அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்றார்.

2009இல் போர் முடிய எங்கட சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று வந்தவன் போனவன் எல்லாம் எங்கட சனத்தைப் படம் எடுத்தபோது எவ்வளவு கொதித்தோம். இப்ப கமராவுக்குக் காசு கொடுக்கிறது நாங்கள்.

என் பங்கு 300 பவுண். வீடியோவை நீக்கிவிட்டு, தலைவர் அண்ணை மாமியோடும் பேத்தியோடும் போனில் கதைக்கட்டும், அன்றைக்கே அனுப்புகிறேன். இனி ஆரையும் படம் எடுப்பதென்றால் பொதி கொடுக்கிறதுக்கு முதல் நாளே போய்க் கேளுங்கள், கமரா இல்லாமல். வேண்டாம் என்றாலும் பொதி கட்டாயம் போக வேண்டும். இதை வாற கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள்.