3 மீன், 3 பில், கடைசில 0 = 400 வருது. அவசரம்!

காசிமேடு_10ஆவது: நாளைக்கு டெஸ்ட். மூணு மாறி கணக்கு, நீக்கல் முறைல போட்டேன். எல்லா எழுத்தும் அடிபட்டு 0 = 400னு நிக்குது. நாலு வாட்டி போட்டுட்டேன். எங்க தப்பு?

கல்மண்டபம்: சமன்பாடு எங்கப்பா? அத போடாம என்னத்த சொல்றது?

மூலக்கடை: குறிதான். கழிக்கும்போது கீழ் வரில எல்லா உறுப்புக்கும் குறி மாறணும், வலப்பக்க எண்ணுக்கும் சேர்த்து. அந்த எண்ணைத்தான் நிறைய பேர் விட்டுடுவாங்க.

தங்கசாலை: ரெண்டு ஜோடிலயும் ஒரே மாறியத்தான நீக்கின? வேற வேற மாறிய நீக்கினா கணக்கு சுத்திக்கிட்டே இருக்கும், முடியாது. ஆனா அதுல 0 = 400 வராது. எதுக்கும் சமன்பாட்ட போடு.

காசிமேடு_10ஆவது: சாரிண்ணா. ஒரு கிலோ வஞ்சிரத்தோட விலை வ, இறால் இ, நெத்திலி நெ. மூணு பில்லும் இதான்:
வ + 2இ + நெ = 1900
2வ + இ + 3நெ = 2800
3வ + 3இ + 4நெ = 4300

கல்மண்டபம்: நீ போட்டதுல தப்பில்ல. முதல் சமன்பாட்ட 2ஆல பெருக்கி ரெண்டாவத கழி: 3இ − நெ = 1000. முதல 3ஆல பெருக்கி மூணாவத கழி: 3இ − நெ = 1400. ஒரே இடப்பக்கம் 1000மாவும் 1400ஆவும் எப்படி இருக்கும்? முதல் ரெண்டு பில்லையும் கூட்டிப் பாரு. அதே 3வ + 3இ + 4நெ, ஆனா 4700. மூணாவது பில் 4300ங்குது. கேள்வியவே தப்பா எழுதியிருக்க.

அணிக்கோவை: இதுக்கா இவ்வளவு நேரம்? இடப்பக்கக் கெழுக்கள மட்டும் 3×3 கட்டமா எழுதி, அதுலேருந்து கணக்கிடுற ஒரே எண்தான் அணிக்கோவை, அதாவது டெல்டா. இங்க அது 0. அணிக்கோவைய வச்சு தீர்வு காணுற கிராமர் விதி தெரிஞ்சா இந்த இழையே தேவையில்ல. டெல்டா 0ன்னா எண்ணற்ற தீர்வு, அவ்வளவுதான்.

தங்கசாலை: தப்பு. டெல்டா 0ன்னா ஒரே தீர்வு இல்லன்னு மட்டும்தான் அர்த்தம். இங்க வ-வுக்கான அணிக்கோவை, அதாவது வ-வோட கெழுக்களுக்கு பதிலா வலப்பக்க எண்கள போட்டது, −2000. அதனால தீர்வே கிடையாது.

அணிக்கோவை: சரி, எல்லா அணிக்கோவையும் 0 ஆனா எண்ணற்ற தீர்வுதானே?

தங்கசாலை: அதுவும் எப்பவும் இல்ல. வ + இ + நெ-ங்கிற ஒரே கூட்டல் 1, 2, 3க்கு சமம்னு மூணு வரி எழுதுங்க. டெல்டாவும் மூணு மாறிக்கான அணிக்கோவையும் சேர்த்து நாலும் 0, தீர்வு ஒண்ணுகூட இல்ல. மூணும் இணையான தளங்கள். நீக்கல் முறைல போட்டா ரெண்டாவது வரிலயே 0 = 1னு தெரிஞ்சிடும். அதுவுமில்லாம, கிராமர் விதி பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். பத்தாவது பையன்கிட்ட எதுக்கு?

மூலக்கடை: அப்ப மூணாவது பில்லோட வலப்பக்கம் 4700தான் போல. 0 = 0 வரும், தீர்வு எண்ணற்றது. விலை எல்லாம் 0க்கு மேல இருக்கணும்னா நெத்திலி 740க்குக் கீழ எதுவா வேணா இருக்கலாம்.

கல்மண்டபம்: ஊகிக்க வேணாம். தம்பி, நோட்ட எடுத்து ஒவ்வொரு கெழுவா ஒத்துப் பாரு.

காசிமேடு_10ஆவது: அண்ணா, மூணாவது சமன்பாட்டுல போர்டுல 2நெ. நான் 4நெ-னு எழுதிட்டேன். இப்ப 3இ + நெ = 1400 வருது. கூட்டினா 6இ = 2400, இ 400, நெ 200, வ 900. தேங்க்ஸ்!

கல்மண்டபம்: மூணாவது பில்லுலயும் போட்டுப் பாரு: 2700 + 1200 + 400 = 4300. சரியா வருது. விடைத்தாள்ல இந்த சரிபார்ப்பு வரியையும் எழுதிடு.