பால் கடைவாய்ப் பல் சொத்தை: மருந்து தடவுவதா, ஸ்டீல் மூடி போடுவதா?

என் மகளுக்கு 5 வயது. வேளச்சேரியில் இருக்கிறோம். கீழ்த்தாடையில் வலது பக்கம் இரண்டு பால் கடைவாய்ப் பற்களிலும் சொத்தை. பொங்கல் சமயத்தில் சின்னக் கறுப்புப் புள்ளியாகத்தான் இருந்தது, இப்போது குழி. இனிப்பு பட்டால் கூசுகிறது. ராத்திரி வலியோ வீக்கமோ இல்லை. எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பை எட்டவில்லை.

ஏப்ரலில் சிமெண்ட் அடைத்தோம், ஒன்றரை மாதத்தில் பெயர்ந்துவிட்டது. டிரில் சத்தம் கேட்டாலே குழந்தை நடுங்குகிறாள், அதைப் பார்க்க முடியவில்லை. இரவுப் பாலை நிறுத்திவிட்டோம், ஃப்ளூரைடு பேஸ்டில் நானே தேய்த்துவிடுகிறேன்.

ஒரு டாக்டர், சொத்தை மேலும் பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற மருந்தைத் தடவலாம் என்கிறார். வலிக்காது, ஆனால் சொத்தை உள்ள இடம் கறுத்தே இருக்கும். இன்னொருவர் ஹால் முறை என்கிறார்: ஊசியும் டிரில்லும் இல்லாமல் ஸ்டீல் மூடியை அழுத்தி ஒட்டிவிடுவார்களாம். “விழுகிற பல்தானே” என்கிறார் மாமியார். ஆனால் இவை 10, 12 வயது வரை நிற்க வேண்டிய பற்கள். முன்னாடியே பிடுங்கினால் பக்கத்துப் பல் நகர்ந்து, முளைக்கிற பல்லுக்கு இடம் இல்லாமல் போகலாம்.

இந்த இரண்டில் ஒன்றை உங்கள் பிள்ளைக்குச் செய்திருந்தால், ஒரு வருஷம் கழித்து அந்தப் பல் எப்படி இருக்கிறது?