பழைய பைலும் நீலத் திரையும்

குழு: எங்க வீட்டு ஆளுங்க

சிவகாசி மாமா (9:12): பாப்பா, ஒரு ஒத்தாசை. கோயில் பங்குனி அழைப்பிதழ் பழைய பேஜ்மேக்கர் (விண்டோஸ்ல பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர்) பைல்ல கிடக்கு. நம்ம லேப்டாப்ல இப்ப விண்டோஸ் இல்ல, உபுண்டு. திறக்கவே மாட்டேங்குது. மண்டகப்படிக்காரங்க 43 பேரு, வரிசை மாறுனா பொல்லாப்பு.

தம்பி (9:15): திரும்ப விண்டோஸே போட்ருங்க மாமா.

நான் (9:18): வேணாம்டா, அச்சகக் கணக்கு பூரா அதுலதான் இருக்கு. உபுண்டுல விர்ச்சுவல்பாக்ஸ் ஏத்தி, அதுக்குள்ள விண்டோஸ் 7, அதுல பேஜ்மேக்கர் ஓட்டலாம். லேப்டாப்புக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி. மாமா, கடையில வாங்குன அந்த டிவிடி இருக்கா?

அத்தை (9:20): பீரோல இருக்கு. கீ ஒட்டுன டப்பாவோட நான்தான் எடுத்து வச்சேன்.

நான் (9:26): சூப்பர் அத்தை! மாமா, கமாண்டை எழுதி போட்டோ அனுப்பியிருக்கேன், பார்த்து அடிங்க. நடுவுல செக்யூர் பூட்டுக்கு (நம்பகமான கையெழுத்து இல்லாத புரோகிராமை ஸ்டார்ட் ஆகும்போதே தடுக்கிற காவல்) பாஸ்வேர்ட் கேக்கும். எட்டு எழுத்தாவது வேணும், ஒரு தாள்ல குறிச்சுக்கோங்க. அங்க மவுஸ் வேலை செய்யாது, டேப் அழுத்தி ஓகேக்குப் போங்க.

சிவகாசி மாமா (10:05): போட்டு ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன். மெஷினை ஸ்டார்ட் பண்ணா ‘கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு’, மைனஸ் 1908னு வருது.

நான் (10:07): ரீஸ்டார்ட் ஆகும்போது நீலமா ஒரு திரை வந்துச்சா?

சிவகாசி மாமா (10:08): வந்துச்சும்மா. டீ வாங்கப் போயிட்டேன், வந்து பார்த்தா உபுண்டு ஓடுது.

நான் (10:14): அதான் மாமா விஷயம். அந்தத் திரை பத்து செகண்டுதான் நிக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் டிரைவர் (உபுண்டுவோட மையமான கெர்னல்ல சேர்ற சின்ன புரோகிராம்) நம்ம லேப்டாப்லயே தயாராகுது. அதுல இருக்கிற கையெழுத்து நம்மளதுதான்னு அங்க ஒத்துக்கிட்டாதான் செக்யூர் பூட் உள்ள விடும். அந்தத் திரையை மறுபடி வர வைக்க மோக்யூட்டில் இம்போர்ட் கமாண்டை இப்ப அனுப்புறேன். ரீஸ்டார்ட் ஆனதும் உடனே ஒரு கீயைத் தட்டுங்க. ‘என்ரோல் மோக்’ (அந்தக் கையெழுத்துச் சாவியைப் பதியிறது), கன்டினியூ, எஸ், அப்புறம் பாஸ்வேர்ட். அடிக்கிறது திரையில தெரியாது, பயப்படாதீங்க.

தம்பி (10:16): செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிட்டா?

நான் (10:17): ஓடும். ஆனா ஒரு தடவை கையெழுத்தைப் பதிஞ்சா முடியிற வேலைக்கு, காவலை எதுக்குடா எடுக்கணும்? இனிமே கெர்னல் அப்டேட் வந்தாலும் டிகேஎம்எஸ்ங்கிற புரோகிராம் தானாவே டிரைவரைத் திரும்பக் கட்டிக்கும்.

சிவகாசி மாமா (10:41): ஸ்டார்ட் ஆயிருச்சு பாப்பா! விண்டோஸ் ஏறுது.

நான் (10:44): அப்பாடா! 2 ஜிபி ராம் குடுத்தா போதும், லேப்டாப்ல இருக்கிறதே 8. ஏறி முடிஞ்சதும் அந்த விண்டோஸ்ல விர்ச்சுவல்பாக்ஸோட துணை சாஃப்ட்வேர் கெஸ்ட் அடிஷன்ஸ் போடுங்க, அப்பதான் ஷேர்டு போல்டர் வழியா பைல் போகும். நெட்வொர்க்கை ஆஃப் பண்ணிருங்க. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னுபோச்சு, அழைப்பிதழுக்கு நெட்டும் தேவையில்ல.

சிவகாசி மாமா (12:30): பைல் திறந்துச்சு, ஆனா எழுத்தெல்லாம் இங்கிலீஷா கொட்டிக் கிடக்கு.

நான் (12:32): பழைய தமிழ் பான்ட் மாமா. இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துலதான் தமிழ் வடிவத்தை வச்சிருப்பாங்க. அதே பான்ட்டை அந்த விண்டோஸ்லயும் போடணும்.

சிவகாசி மாமா (12:50): வந்துருச்சும்மா! 43 பேரும் அதே வரிசையில நிக்கிறாங்க. நல்லா இருப்ப.

அத்தை (12:53): 17வது மண்டகப்படி பெரியவர் போன தையில தவறிட்டாருங்க. அவர் மகன் பேரைப் போடுங்க.