எத்தியோப்பியா: நோயாளிச் சீட்டில் நேரத்தை எப்படி எழுதுவது?

பஹிர் தாரில் ஒரு கிளினிக்கில் தன்னார்வப் பணி, 3 வாரமாகிறது. சீட்டில் 9 மணி என்று போட்டால் பாதிப் பேர் மதியம் 3 மணிக்கு வருகிறார்கள். இங்கே கணக்கு விடியலிலிருந்து. நமக்குக் காலை 7 என்றால் அவர்களுக்கு 1.

இரண்டு நேரத்தையும் எழுதினோம், கண் தப்பானதில்தான் விழுகிறது. இங்கே பேசும் மொழியான அம்ஹாரிக்கில் "காலை 3" என்று எழுதினால் நோயாளிக்குப் புரிகிறது, வெளிநாட்டு டாக்டர் குழம்புகிறார். ஆங்கிலம் தெரிந்த நோயாளிகளோ தாங்களே 6 மணி நேரம் மாற்றிக்கொள்கிறார்கள். அதுதான் பெரிய தலைவலி.

தேதியும் அப்படித்தான். எத்தியோப்பிய நாட்காட்டியின் 13ஆவது மாதமான பகுமே 5ஐ எக்செலில் 5/13 என்று போட்டால் மே 13 ஆகிவிடுகிறது.

இங்கே வேலை செய்தவர்களே, நோயாளி, டாக்டர் இருவருக்கும் குழப்பமில்லாமல் சீட்டில் எப்படி எழுதினீர்கள்?