முருங்கையடி மண்ணில் ஆன்டிபயாடிக் தேடுகிறேன், மூன்று முறையும் தட்டு பாழ்

கொருக்குப்பேட்டை மாணவி:
பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மண்ணில் ஆன்டிபயாடிக் சுரக்கும் பாக்டீரியாவைத் தேடுவதுதான் வகுப்பில் எங்கள் வேலை. எங்கள் வீட்டுப் பின்புறம் முருங்கையடியில் கொஞ்சம் மண் எடுத்தேன். எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்திச் செடியடியிலிருந்து அண்ணன் ஒரு டப்பா கொண்டுவந்தான். மண்ணைக் கரைத்து, நீர்க்க வைத்து, தட்டில் உள்ள நியூட்ரியன்ட் அகாரில் (கிருமி வளர்க்கும் சத்துக்கூழ்) தடவினால், மறுநாளே ஊற்றிய தோசைமாவு மாதிரி ஒரே படலம். தனிக் காலனி (ஒரே கிருமியிலிருந்து பெருகிய புள்ளி) ஒன்றுகூட இல்லை. வேறு இடத்து மண்ணைப் பார்க்கட்டுமா? எங்கள் தாத்தா டிபியிலிருந்து பிழைத்தது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால். அது மண்ணிலிருந்து வந்த மருந்து என்று படித்ததிலிருந்து இதை விட மனமில்லை.

ராயபுரம் அக்கா (ஆய்வு மாணவி):
மண்ணை மாற்றாதே தங்கச்சி, மீடியத்தை (கிருமி வளரும் கூழை) மாற்று. நியூட்ரியன்ட் அகாரில் வேகமாக வளர்கிற பேசில்லஸ் பாக்டீரியா எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மண்ணை நிழலில் நன்றாக உலர்த்து. மாவுச்சத்தும் பால் புரதமும் கலந்த ஸ்டார்ச் கேசீன் அகார் ஊற்றி, தட்டின் மேல் ஈரம் போகும்வரை காயவிடு. ஈரம் இருந்தால் படரத்தான் செய்யும். பத்தாயிரம், லட்சம் மடங்கு நீர்த்ததைத் தடவு. எண்ணூர் மண்ணுக்குப் பாதி கடல்நீர் சேர். அப்புறம் 7 முதல் 14 நாள் பொறுமை வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவின் காலனி சாக்பீஸ் தூள் பூசியது போல இருக்கும். லூப்பால் (கம்பி வளையத்தால்) கிளறினால் அகாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வராது. முதல் மழையில் எழும் மண்வாசனையும் அதனிடம் உண்டு.

வியாசர்பாடி ஐயா (ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்):
வாசனைக்காகத் தட்டைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகாதேம்மா. மண்ணிலிருந்து என்ன வளர்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முடிந்த தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிறகுதான் கொட்ட வேண்டும். காலனி மருந்து சுரக்கிறதா என்று சோதிக்க நோய்க்கிருமி வேண்டாம், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற சாதுவான பாக்டீரியா போதும். காலனியைச் சுற்றிலும் சப்டிலிஸ் வளராத வட்டம் விழுந்தாலும் அது பெரும்பாலும் தெரிந்த மருந்தாகவே இருக்கும், மனம் உடையாதே. 1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் தரும் கிருமியைப் பிரித்த ஆல்பர்ட் ஷாட்ஸுக்கு அப்போது வயது 23, அவரும் மாணவர்தான். எருப்போட்ட வயல் மண்ணில் ஒன்று, கோழியின் தொண்டையில் ஒன்று என இரண்டு இடத்தில் அவருக்குக் கிடைத்தது.

கொருக்குப்பேட்டை மாணவி:
அக்கா, ஐயா, இன்று பதினோராம் நாள். எண்ணூர் தட்டில் இன்னும் ஒன்றுமில்லை. முருங்கை மண்ணில் வெள்ளையாக மூன்று காலனி. ஒன்றை லூப்பால் தொட்டேன், அசையவே இல்லை! சப்டிலிஸ் தடவிய தட்டில் மூன்றையும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தாத்தாவிடம் சொன்னேன், நாளைக் காலை என்ன ஆயிற்று என்று போன் செய்யச் சொல்லியிருக்கிறார்.