பெரியபிள்ளை ஆனபின் மகள் விளையாட்டையே விட்டுவிட்டாள்

வட்டக்கச்சி அம்மா:
வணக்கம். மகளுக்கு 14 வயது, தரம் 9. இரண்டு வருடத்துக்கு முன் பின்னேரத்தில் இவளை வீட்டுக்குள் பிடித்து வைக்க முடியாது. தம்பியோடும் பக்கத்து வளவுப் பெடியன்களோடும் தடியால் எல்லே பந்து அடிப்பாள், கிளித்தட்டு மறிப்பாள், வாய்க்காலில் குதிப்பாள். பள்ளிக்கு 3 கிலோமீற்றர். சைக்கிளில்தான் போய் வந்தாள்.

சாமத்திய வீடு முடிந்த கையோடு எல்லாம் நின்றுவிட்டது. சைக்கிள் மாட்டுக் கொட்டிலில் சாய்ந்து நிற்கிறது, இரண்டு ரயரிலும் காற்றில்லை. காலையில் அப்பா மோட்டார் சைக்கிளில் பள்ளியில் இறக்குவார். பின்னேரம் ரியூசனுக்கும் அவர்தான். வந்தால் போன், பிறகு படிப்பு. முற்றம் கூட்டுவதும் இரண்டு குடம் தண்ணீர் எடுப்பதும்தான் உடம்பு அசைகிற வேலை. போன மாதம் குடத்தோடு வந்தவள் மூச்சு வாங்கித் திண்ணையில் இருந்துவிட்டாள். எனக்குப் பயம் பிடித்தது.

பள்ளியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால், "அந்தக் காற்சட்டையோடு எல்லாருக்கும் முன்னால் ஓடமாட்டேன்" என்கிறாள். மாமியோ, "பெட்டைக்கு இனி என்ன ஓட்டம்?" என்கிறா. நான் 96 இடப்பெயர்வில், இவளுடைய வயதில், சாமான் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து மல்லாவிக்கு நடந்தவள். அதை உடற்பயிற்சி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் உடம்பு தாங்கியது. இவளுக்கு என்ன, சோம்பலா, வெட்கமா, ஏதும் வருத்தமா?

முள்ளியவளை ரீச்சர்:
தங்கச்சி, நான் விளையாட்டு ரீச்சர். ஆறாம் தரத்தில் மணி அடிக்கமுதல் மைதானத்தில் நிற்கும் பிள்ளைகள், எட்டாம் தரத்தில் "மிஸ், வயிற்று நோ" என்று வேப்பமர நிழலில் குந்துவார்கள். முதலில் நானும் ஏசினேன். பிறகு ஒருநாள் அந்த நிழலில் நானும் போய் இருந்து கதை கேட்டேன். காற்சட்டை ஒன்று. வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற பெடியன்கள் இன்னொன்று. மூன்றாவது எனக்கே தோன்றாதது: மைதானத்துக்குக் கிட்ட மலசலகூடம் இல்லை. மாதவிடாய் நாளில் யார் வந்து வலைப்பந்து விளையாடுவார்?

முழு நீளக் காற்சட்டையும் தொளதொள ரீசேட்டும் போடலாம் என்றேன். பயிற்சியை வேலியோரத்திலிருந்து கட்டடத்துக்குப் பின்பக்கம் மாற்றினேன். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன், பாதிப்பேர் வந்தார்கள்.

சோம்பல் என்று சொல்லாதீர்கள். 146 நாடுகளின் 2016 வரையான தரவுகளை வைத்துச் செய்த ஆய்வில், 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பெண்பிள்ளைகளில் 85 சதவீதமானோருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, அதாவது நாளுக்கு 60 நிமிடம், உடல் அசைவு இல்லை. ஆண்பிள்ளைகளிலும் 78. அவர்கள் ஏதோ ஓடித் திரிகிறார்கள் என்று நாங்கள்தான் நினைக்கிறோம்.

உங்களுக்குச் சைக்கிள் இருக்கிறது. 3 கிலோமீற்றர் மிதிக்க 15 நிமிடம். பள்ளிக்குப் போய்வர அரை மணி, ரியூசனும் அதே தூரம் என்றால் இன்னொரு அரை மணி. கணக்குச் சரி. தனியாக விடாமல் அதே ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். லொறி ஓடுகிற பெருவீதி என்றால் மட்டும் யோசியுங்கள்.

பத்தாம் தரத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் விருப்பப் பாடமாகிவிடும். அதை எடுக்காவிட்டால் பள்ளியில் இருக்கிற கொஞ்ச அசைவும் போய்விடும். மாமியிடம் எங்களூர் அகிலத்திருநாயகி அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். 2023இல் 72 வயதில் பிலிப்பைன்ஸ் போய் 1500 மீற்றரிலும் 5000 மீற்றரிலும் தங்கம் எடுத்தவர்.

மல்லாவி மிட்வைஃப்:
ரீச்சர் சொன்னது சரி, ஆனால் மூச்சு வாங்கியதை விட்டுவிட்டா. அம்மா, முதலில் ஆஸ்பத்திரியில் இரத்தம் பாருங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் சோகை. மாதவிடாய் கூடுதலாகப் போகிறதா என்றும் கேளுங்கள். இரத்தம் குறைந்த பிள்ளையை ஓடு ஓடு என்றால் எப்படி ஓடுவாள்? மாதவிடாய் நாளில் விளையாடக் கூடாது என்பது சும்மா கதை. அவளுக்கு ஏலுமென்றால் விளையாடட்டும், சிலருக்கு நோவும் குறையும். வாரத்தில் மூன்று நாளாவது கயிறு அடித்துத் துள்ளச் சொல்லுங்கள், எலும்பு பலப்படுகிற வயது இது. கொடிக் கயிறு போதும்.

விசுவமடு பெட்டை:
நான் உயர்தரம் படிக்கிறேன். அன்ரி, நான் உங்கள் மகளின் பக்கம். நானும் பத்தாம் தரத்தில் சைக்கிளை விட்டேன். கால் நோகுது என்று வீட்டில் சொன்னேன். கால் நோகவில்லை. கடைச்சந்தியில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு நாளும் ஏதாவது சொல்வார்கள். அதை அப்பாவிடம் சொன்னால் சந்தியில் போய்ச் சண்டை பிடிப்பார், இல்லையென்றால் ரியூசனையே நிறுத்துவார். இரண்டும் வேண்டாம் என்றுதான் பொய் சொன்னேன். மகளிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள், அப்பாவுக்கு முன்னால் வேண்டாம்.

வட்டக்கச்சி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. இரத்தம் 10.4. மாத்திரை தந்திருக்கிறார்கள். தேத்தண்ணியோடு போடக்கூடாதாம். நாங்கள் எல்லாவற்றையும் தேத்தண்ணியோடுதான் விழுங்குகிறவர்கள்.

பிள்ளை, நீ சொன்ன மாதிரி இரவு அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மதகடியில் இருக்கிறவங்கள்" என்றாள். அந்த மதகால் நானும் கடைக்குப் போய் வருகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. வாய்க்கால் கட்டால் சுற்றிப் போனால் அரை கிலோமீற்றர் கூட, ஆனால் மதகு வராது. பக்கத்து வீட்டு அக்காவின் இரண்டு பெட்டைகளும் அந்தப் பாதையால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவரிடம் பெற்றோல் விலையைச் சொன்னேன், வேறொன்றும் சொல்லவில்லை. சரி என்றுவிட்டார்.

பின் ரயருக்கு ரியூப் மாற்ற வேண்டுமாம்.